பீரோ சாவிக்கு அகப்படாத நூலகம்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடப்புத்தகங்கள் 2018-இல் புதிதாக வரத் தொடங்கியபோது, பாடங்களின் ஓரத்தில் க்யூஆர் கோடு என்ற கறுப்பு வெள்ளைக் கட்டமும் சேர்ந்து வந்தது. போனை அதன்மேல் காட்டினால் வீடியோ வரும், பயிற்சி வரும். டேட்டா கிடைக்கும் ஊரில் நல்ல ஏற்பாடுதான். ஜவ்வாது மலையில் நான் போய்வரும் பள்ளியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கட்டத்தின் வெள்ளை இடங்களைப் பேனாவால் அடைத்து விளையாடுவார்கள். அவர்களுக்கு அதனால் வேறு உபயோகம் இல்லை. சிக்னல் வேண்டுமென்றால் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏற வேண்டும். மழை நாளில் அங்கேயும் ஒரு கோடுதான்.

மலையேறி வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளி அது. பெயர் வேண்டாம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்புறம் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். என் வேலை கணினி வலைப்பின்னல் சம்பந்தப்பட்டது, பிழைப்பு வேலூரில். அந்தப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியர் என்னோடு கல்லூரியில் படித்தவர். "நெட் கொண்டு வர முடியாதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடியாது. ஆனால் நெட்டில் இருப்பதில் நமக்கு வேண்டியதை மட்டும் அள்ளிக்கொண்டு போய் அங்கே வைக்க முடியும். அப்படித்தான் இது ஆரம்பித்தது.

விஷயம் இதுதான். ராஸ்பெரி பை என்று உள்ளங்கை அளவில் ஒரு கணினி இருக்கிறது. 2012-இல் 35 டாலருக்கு வந்தது, அப்புறம் வந்த மாடல்களில் வைஃபையும் உள்ளேயே சேர்ந்துகொண்டது. அதில் ஒரு மெமரி கார்டைச் செருகி, அந்தக் கார்டில் விக்கிப்பீடியா, கதைப்புத்தகங்கள், பாடநூல்கள், அறிவியல் சோதனைகள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டால், அது தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். போனிலோ டேப்லட்டிலோ அந்த வைஃபையைப் பிடித்து பிரௌசரைத் திறந்தால் நூலகம் வரும். இணையம் என்று ஒன்று வெளியே இருப்பதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கிளிஃப் மிஸ்ஸன் தொடங்கிய இ-கிரானரி, இணையப் பக்கங்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைத்தது. விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகச் சுருக்கி இணையமில்லாமல் படிக்க வைக்கும் கிவிக்ஸ் 2007-இல் வந்தது. இணையத்தில் இலவசமாக வீடியோ பாடம் தரும் கான் அகாடமியின் பாடங்களை இணையமில்லாமல் ஓட வைத்த கேஏ லைட்டும், அதற்குப் பிறகு கொலிப்ரியும் வந்தன. பசிபிக் தீவுப் பள்ளிகளுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சோலார் தகடோடு சேர்த்தே ஒரு பெட்டி செய்தார்கள், சோலார்ஸ்பெல் என்று பெயர். நம் பக்கத்து வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மலையாள விக்கிப்பீடியர்கள் 2010-லேயே 500 கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்துக் குறுந்தகடாக வெளியிட்டுவிட்டார்கள். ஆக, தொழில்நுட்பம் கையில் கிடைத்து வெகு காலம் ஆகிறது. அப்படியிருந்தும் மலைப்பள்ளிகளில் இதை ஏன் அதிகம் பார்க்க முடிவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பதிலை நான் முதலில் பார்த்தது ஒரு பீரோவில். பச்சை நிற கோத்ரெஜ் பீரோ, தலைமையாசிரியர் அறையில். உள்ளே ஒரு புரொஜெக்டர், சில டேப்லட்டுகள், திறக்காத ஒரு அறிவியல் உபகரணப் பெட்டி. எல்லாம் அட்டைப்பெட்டி கலையாமல் புத்தம் புதிதாக இருந்தன. சாவி தலைமையாசிரியரின் இடுப்பில். "பிள்ளைங்க கையில குடுக்கலாமே ஐயா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி, எண், தேதி, கையெழுத்து. "ஒண்ணு காணாம போனாலும் ஆடிட்ல நான்தான் பதில் சொல்லணும் தம்பி. ரிடையர் ஆவ இன்னும் ரெண்டு வருசம் இருக்குது. பென்ஷன்ல கை வெச்சா நீ வந்து கட்டுவியா?"

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. பொருளைப் பயன்படுத்தாமல் விட்டால் அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பயன்படுத்தி உடைந்தால் கேள்வி வரும். இப்படி ஒரு கணக்கில் மாட்டிக்கொண்ட எந்த மனிதரும் பூட்டித்தான் வைப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உலகத்தின் மறுகோடியில் பெருவிலும் இதுதான் நடந்தது. நூறு டாலருக்கு மடிக்கணினி, குழந்தைக்கு ஒன்று என்று நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்தது ஞாபகம் இருக்கலாம். அந்தத் திட்டத்தில் உலகிலேயே அதிகமாக மடிக்கணினி வாங்கிய நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேல் வாங்கி ஆண்டிஸ் மலைக் கிராமங்கள் வரைக்கும் அனுப்பினார்கள். பெரும்பாலான ஊர்களில் இணையம் கிடையாது என்பதால் ஒவ்வொரு கணினியிலும் சுமார் 200 மின்னூல்களை ஏற்றியிருந்தார்கள். ஒரு விதத்தில் அதுவும் இணையமில்லா நூலகம்தான். இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் 319 கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் மதிப்பெண் உயரவில்லை. இந்த முடிவை வைத்து "கிராமத்துப் பிள்ளைக்குக் கணினி எதற்கு?" என்று எழுதித் தள்ளியவர்கள் உண்டு. எனக்கு அந்த அறிக்கையில் வேறொரு தகவல்தான் பெரிதாகப் பட்டது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும் என்பதுதான் திட்டமே. ஆனால் பாதிப் பிள்ளைகள்கூட எடுத்துப் போகவில்லை. உடைந்தாலோ திருடு போனாலோ அரசு மாற்றித் தராது என்று தலைமையாசிரியர்கள் பயந்திருக்கிறார்கள். பெருவிலும் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறது போலிருக்கிறது.

பெருவுக்குப் போவானேன், நம்மிடமே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதை ஒரு விதியாக வேறு எழுத வேண்டுமா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டித்தான் அவர் அந்த விதியை விளக்குகிறார். புத்தகம் கையெழுத்துப் பிரதியாக, விலை உயர்ந்ததாக இருந்தவரை சங்கிலி இருந்தது. அச்சு வந்து புத்தகம் மலிந்த பிறகும், பழக்கதோஷத்தில் சங்கிலி வெகு காலம் அப்படியே இருந்தது. அதே 1931-இல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்கிற ஓய்வுபெற்ற பொறியாளர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மழை, புழுதி, பிள்ளைகளின் எண்ணெய்க் கை எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் அந்த வண்டி கிளம்பியிருக்கும்.

என் பெட்டியும் அதுபோல, உடைந்தால் போகட்டும் என்று சொல்லத்தக்க விலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ராஸ்பெரி பை, கார்டு, ஒரு ரௌட்டர், ரௌட்டருக்குப் போடும் சின்ன யூபிஎஸ், ஒரு பிளாஸ்டிக் டப்பா, எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. பிள்ளைகள் கையில் வைத்துப் பார்க்க, ஆபீஸ் நண்பர்கள் மாற்றிப் போட்ட பழைய போன்கள். சிம் இல்லை. திரையில் கீறல் விழுந்த போன்தான் முதலில் தேடினேன், ஏற்கெனவே கீறல் விழுந்த போனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

அப்புறம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "இந்தப் பொருட்கள் என் சொந்த உடைமை. பிள்ளைகள் பயன்படுத்துவதற்காகப் பள்ளியில் வைத்திருக்கிறேன். உடைந்தாலோ தொலைந்தாலோ யாரும் பொறுப்பில்லை." தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார், ஃபைலில் போட்டுக்கொண்டார். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறவில்லை. ஏறாததால் பீரோவுக்கும் போகவில்லை. நான் செய்ததில் உருப்படியான காரியம் எது என்று கேட்டால், பெட்டியைக் கட்டியதைவிட அந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

பெட்டி இப்போது சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. கூடத்துக்கு இரண்டு பக்கமும் விடுதி அறைகள் என்பதால் அங்கேதான் வைஃபை எல்லாருக்கும் எட்டும்.

கரண்ட் பற்றிச் சொல்ல வேண்டும். மலையில் மின்சாரம் போவது பெரிய தலைப்பு. ராஸ்பெரி பை ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று மின்சாரம் நின்றால் மெமரி கார்டில் இருப்பது சில சமயம் கெட்டுப்போகும். யூபிஎஸ் இருந்தாலும், அதையும் தீர வைக்கிற அளவுக்கு மழைக்கால மின்வெட்டு நீளும். இதற்கு நிறைய பேர் நிறைய வழி சொல்வார்கள், கார்டில் எழுதவே விடாமல் பூட்டிவைப்பது உட்பட. செய்தேன். ஆனால் நிஜமாகவே உதவியது அதைவிடச் சுலபமான ஒன்று. அதே கார்டுக்கு இரண்டு நகல் போட்டு, ஒரு பழைய மாத்திரை டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். பெட்டி எழுந்திருக்கவில்லை என்றால் கார்டைக் கழற்றி மாற்று. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாரா வாரம் பொறுப்பு, அவர்களுக்குப் பொட்டி லீடர் என்று பெயர். நகம் பட்டு எடுக்க வேண்டிய அந்தச் சின்னக் கார்டை என்னைவிட வேகமாக மாற்றுவார்கள். கெட்டுப்போன கார்டு பஸ் கண்டக்டர் கையில் கீழே வந்து, என்னிடம் சேர்ந்து, மறுபடியும் நகல் ஏறி மேலே போகும்.

இன்னொரு நடைமுறை விஷயம். ராஸ்பெரி பையின் சொந்த வைஃபையில் சில பிள்ளைகள் சேர்ந்தாற்போல் வீடியோ பார்த்தாலே திணறிவிடும். தனியாக ஒரு மலிவு ரௌட்டர் வைத்தால் பரவாயில்லை. எழுத்தும் படமும் மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை, ஒரு வகுப்பே உட்கார்ந்து பார்க்கலாம்.

சரி, உள்ளே என்ன வைத்தேன் என்பதற்கு வருகிறேன். ஆரம்பத்தில் எனக்கும் பேராசைதான். ஆங்கில விக்கிப்பீடியா முழுவதும் படத்தோடு சுமார் 100 ஜிபி. அதை ஏற்றினால் "உலக அறிவு முழுவதும் இங்கே" என்று சொல்லிக்கொள்ளலாம். அது சொல்லிக்கொள்ள மட்டும்தான். ஆறாம் வகுப்பில் தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த 100 ஜிபியால் பைசா பிரயோஜனம் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா அதில் ஒரு மூலைக்கு வரும், சில ஜிபிதான், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள். விக்சனரி என்கிற இலவச அகராதியில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப் ஆக இலவசமாகவே கிடைக்கின்றன, ஏற்றினேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் அறிவியல் விளையாட்டுகள், சிலது தமிழிலேயே உண்டு. மின்சுற்று ஒன்றைத் திரையில் விரலால் இழுத்து இணைத்து பல்பை எரிய விடலாம், பேட்டரியின் இரண்டு முனைகளையும் கம்பியை வைத்து நேராகப் பூட்டினால் திரையில் பேட்டரி தீப்பிடிக்கும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் தீப்பிடிக்க வைத்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கதைப்புத்தகங்கள். குழந்தைகளுக்கான புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்ற உரிமத்தில் படக்கதைகள், தமிழில் ஏராளம். வாசிப்புத் திறனை வைத்து நான்கு படிநிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் படியில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரி. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் யாரும் பார்க்காதபோது முதல் படிக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தான் என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் அவன் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால் அவமானத்தில் சுருண்டிருப்பான். போனில் என்ன படிக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. சில மாதத்தில் அவன் மூன்றாம் படிக்கு வந்துவிட்டான். இந்த ஒரு காரணத்துக்காகவே பெட்டியில் பிள்ளைகளின் பெயர், கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. "யார் எத்தனை பாடம் பார்த்தாங்கன்னு ரிப்போர்ட் வராதா?" என்று ஆசிரியரே கேட்டார். கொலிப்ரி போன்ற மென்பொருளில் அது வரும். வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ரிப்போர்ட் வந்தால் அதற்கும் ஒரு ரிஜிஸ்டர் வரும்.

எந்தப் பக்கம் எத்தனை முறை திறந்தது என்கிற பதிவு மட்டும் பெட்டியில் தங்கும், திறந்தது யார் என்று இருக்காது. அந்தப் பட்டியலைப் பார்ப்பது எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. பாம்பு முதலிடம். நாகம், கண்ணாடி விரியன், மலைப்பாம்பு என்று வரிசையாக. அப்புறம் விமானம், தோனி, விஜய், டைனோசர், யானை. பாடம் சம்பந்தப்பட்ட பக்கங்கள் எல்லாம் அதற்குக் கீழே. பார்க்க வந்த ஒரு அதிகாரி "பாடத்தைப் பார்க்காம பாம்பைப் பார்க்குதுங்களே" என்று வருத்தப்பட்டாராம். காட்டுப் பாதையில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளை கண்ணாடி விரியனைப் பற்றிப் படிப்பது வெட்டிவேலையா? எது விஷமுள்ளது, கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறிவிடக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை அவர்களில் சிலர் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பாட்டி ஒத்துக்கொள்ளவில்லையாம், அது வேறு கதை.

தேடுவதில் ஒரு வேடிக்கை. தலைப்பை வைத்துத் தேடும்போது எழுத்துப் பிழை இருந்தால் பெட்டி கைவிரித்துவிடும். "குறங்கு" என்று போட்டால் ஒன்றும் வராது. "குரங்கு" என்று போட்டால் வாலோடு வரும். ர, ற குழப்பம், ல, ள, ழ குழப்பம் எல்லாவற்றையும் வாத்தியார் சிவப்பு மையில் சுழித்து வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தது இங்கே படத்துக்காக மளமளவென்று ஏறியது. தமிழாசிரியை இதைக் கேள்விப்பட்டு, பெட்டியில் தேடச் சொல்லித் தலைப்புகளைச் சொல்வதெழுதுதலாகவே வைத்துவிட்டார்.

காவலூரைச் சொல்லாமல் விடக் கூடாது. அதே ஜவ்வாது மலையில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் வானியலாளர் பாப்புவின் பெயரை வைத்தார்கள். ராத்திரியில் அங்கே விளக்கை அடக்கி வைக்கச் சொல்வார்கள் என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும், எதற்கென்று தெரியாது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-இல் கண்டுபிடித்தபோது அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர், 4130 அதன் எண். இதையெல்லாம் ஆசிரியர் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "நம்ம மலையிலருந்தா சார்?" என்று கேட்டாளாம். பாடப்புத்தகத்தில் சூரியக் குடும்பம் இருக்கிறது. அவர்கள் மலை அதில் இல்லை.

இங்கேதான் எனக்குத் தமிழ் விக்கிப்பீடியாவின் மேல் ஒரு மனக்குறை. எழுதுபவர்கள் சம்பளம் வாங்காமல் எழுதுகிறார்கள், கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். இருந்தாலும் அறிவியல் கட்டுரைகள் பல, ஏற்கெனவே அந்த விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதியது போல இருக்கின்றன. கலைச்சொற்கள் பாடநூலில் ஒன்று, அங்கே வேறொன்று. இன்னும் பல கட்டுரைகள் இரண்டு வரியோடு நின்றுவிடுகின்றன. பத்து வயதுப் பிள்ளை படிக்கிற மாதிரி எளிய தமிழில் ஒரு இரண்டாயிரம் கட்டுரை யாராவது தேர்ந்தெடுத்துத் திருத்தித் தந்தால், 100 ஜிபி ஆங்கிலத்தைவிட அது பெரிய சொத்து. இங்கிலாந்தில் எஸ்ஓஎஸ் சில்ரன் அமைப்பினர் பள்ளிகளுக்கென்று சில ஆயிரம் ஆங்கிலக் கட்டுரைகளை அப்படித் தொகுத்தார்கள். நமக்கு வலையில் ஏற்றத் தெரிந்த அளவு தொகுக்கத் தெரியவில்லை.

விடுதியில் ஒரு சலசலப்பும் வந்தது. பட்டியலில் மாதவிடாய் பற்றிய பக்கம் திடீரென்று மேலே ஏறியது. யாரோ பெண் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். வார்டனுக்குச் செய்தி போய், "இதெல்லாம் எதுக்குப் பொட்டியில வெச்சீங்க? எடுத்துடுங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள் சமையல் செய்யும் அக்கா முந்திக்கொண்டார். "எங்க காலத்துல கேக்கவும் ஆள் இல்ல, சொல்லவும் ஆள் இல்ல. படிச்சிட்டுப் போவட்டும், உனக்கு இன்னா?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு தமிழாசிரியை பெண் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார் என்று கேள்வி. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக எதையெதையோ வெட்டி எடுக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. இணையமில்லா நூலகத்தைப் "பாதுகாப்பானது" என்று விளம்பரம் செய்கிறவர்களையும் பார்க்கிறேன். விளம்பரமும் சூதாட்டமும் ரீல்ஸும் இல்லாதது நிம்மதிதான். ஆனால் தணிக்கை வசதி என்று அதை விற்கத் தொடங்கினால், பீரோ வேறு வழியாகத் திரும்பி வந்துவிடும்.

டவர் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வரும். வரட்டும், சந்தோஷம். ஆனால் டவர் வருவதும் பிள்ளை கையில் நெட் வருவதும் ஒன்றல்ல. வீட்டில் ஒரு போன் இருக்கும், அது அப்பாவிடம் இருக்கும். அப்பா வேலைக்குக் கேரளாவுக்கோ திருப்பூருக்கோ போனால் போனும் கூடவே போகும். 2020-இல் பள்ளியை மூடியபோது இதைத்தான் பார்த்தோம். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, வாட்ஸ்அப்பில் பாடம் வந்தது. ரீசார்ஜ் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. விடுதி மூடியதால் மலைக்குத் திரும்பிப் போன பிள்ளைகளில் சிலர் ஆடு மேய்க்கப் போனவர்கள், பள்ளி திறந்த பிறகும் முழுசாகத் திரும்பவில்லை என்று ஆசிரியர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியால் மதிப்பெண் கூடியதா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு பள்ளி, ஒரு பெட்டி, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பெட்டி தொங்குவதோடு அங்கே ஒரு ஆசிரியர் இருக்கிறார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து "இன்னைக்கு என்ன பார்த்தே?" என்று கேட்கிறார். அவர் மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இப்போதைக்கு என் கவலை. பக்கத்து மலையில் இதே பெட்டியை வைத்த இன்னொரு பள்ளியில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அங்கே பதிவைப் பார்த்தால் முதல் மாதம் நன்றாக ஓடியிருக்கிறது, அப்புறம் வெறும் வெள்ளை. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் தொடவில்லை. பூட்டாமலே பூட்டிய மாதிரி.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது, ஊர்க்காரர்கள் சொல்வதைப் பதிவு செய்து பெட்டியில் ஏற்றுவது. சாமை விதைப்பது, தேன் எடுப்பது, கடுக்காய் பொறுக்குவது, கோயில் திருவிழா. பொட்டி லீடர்கள் அந்தப் பழைய போன்களிலேயே பதிவு செய்கிறார்கள். பாதியில் சேவல் கூவும், யாராவது குறுக்கே வந்து திட்டுவார்கள். ஒரு தாத்தா தேன்கூடு பற்றிப் பேசிய ஒலிப்பதிவு சென்ற மாதப் பட்டியலில் தோனியைத் தாண்டிவிட்டது. பாம்பை இன்னும் தாண்டவில்லை.

உங்களில் யாராவது வேறு மலையில், வேறு ஊரில் இதைச் செய்து பார்க்க நினைத்தால், மென்பொருள் எல்லாம் இலவசம், கார்டில் ஏற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வாங்கும்போது கார்டில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. 256 ஜிபி என்று எழுதியிருக்கும், எட்டு ஜிபிக்கு மேல் எழுதினால் பழையதை விழுங்கிவிடும். அந்தக் கடிதத்தை மறக்காமல் எழுதிக் கொடுங்கள். வீட்டில் பழைய போன் சும்மா கிடந்தால் எனக்கு எழுதுங்கள். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. சார்ஜரையும் சேர்த்தே அனுப்புங்கள், மேலே எப்போதும் தட்டுப்பாடு அதற்குத்தான்.